ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்ராறியோவில் எந்த மீன்பிடி லைசன்ஸ்?

கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா, மாமா மாமி என்று யாராவது ரொறன்ரோவில் வந்து இறங்கினால், நயாகரா, சி.என். கோபுரம், ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் எல்லாம் ஒரு சுற்று முடிந்த கையோடு பல வீடுகளில் எழும் கேள்வி இதுதான்: "இவ்வளவு தண்ணி கிடக்குது, மீன் பிடிக்க விடமாட்டாங்களோ?" விடுவார்கள். ஆனால் லைசன்ஸ் வேண்டும். எந்த லைசன்ஸ் என்பதில்தான் பலருக்கும் குழப்பம். இணையத்தில் தேடினால் ஸ்போர்ட் (கூடுதல் மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்), கன்சர்வேஷன் (குறைவாகத்தான் கொண்டுபோகலாம்), ஒரு நாள், எட்டு நாள், ஒரு வருடம் என்று ஒரே பக்கத்தில் வரிசையாக வந்து நிற்கும், பார்த்தவுடன் மலிவானது எதுவோ அதை எடுத்துவிடத் தோன்றும். அங்கேதான் காசு வீணாகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து ஒரு மாதம், இரண்டு மாதம் என்று வந்து நிற்கும் பெற்றோருக்கு எட்டு நாள் கன்சர்வேஷன் அல்லது ஒரு வருடக் கன்சர்வேஷன், இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் சரிவரும். ஒரு நாள் லைசன்ஸ் நல்லதுதான், ஆனால் அதற்குரிய இடம் வேறு. ஸ்போர்ட் லைசன்ஸ் வந்து போகிறவர்களில் மிகச் சிலருக்கே தேவை. ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும்: ஒன்ராறியோவின் சட்டத்தில் யார் உள்ளூர்க்காரர், யார் வெளியார்? கனடாவில் வசிக்கும் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் லைசன்ஸ் வாங்க வேண்டியதில்லை, வயதைக் காட்டும் அரசாங்க அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். இதைக் கேள்விப்பட்டுத்தான் பலர் ஊரிலிருந்து வந்த எழுபது வயது அப்பாவிடம் தூண்டில் கம்பைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ விசாவில் வந்தவருக்கு எத்தனை வயதானாலும், 18ஐத் தாண்டிவிட்டால் அவர் பெயரில் லைசன்ஸ் இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் தெரிந்து வைத்திருந்தாலே பாதித் தலையிடி தீர்ந்துவிடும்.

வசிப்பவர் என்றால் என்ன என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் முதன்மை வசிப்பிடம் ஒன்ராறியோவில் இருக்க வேண்டும், அதோடு கடந்த 12 மாதங்களில் தொடர்ச்சியாக 6 மாதமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். படிக்க வந்து இங்கேயே வீடெடுத்துத் தங்கி ஆறு மாதம் தாண்டிய தம்பி தங்கைகள் இந்தக் கணக்கில் உள்ளூர்க்காரர்கள்தான், அவர்கள் வெளிநாட்டவர் விலையைக் கொடுக்கத் தேவையே இல்லை. உள்ளூர்க்காரருக்கு ஒரு வருட ஸ்போர்ட் 26.57 டொலர், கன்சர்வேஷன் 15.07 டொலர். வெளிநாட்டவர் விலையோடு பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெற்றோர் நீண்ட காலம் தங்குவதற்கான சுப்பர் விசாவில் வந்து எட்டு மாதம், ஒரு வருடம் என்று நிற்கும் பெற்றோர் விஷயம் வேறு. ஆறு மாத நிபந்தனை அவர்களுக்குப் பொருந்தலாம், ஆனால் வீடு வாசல் எல்லாம் ஊரில் இருக்க, இங்கே மகள் வீட்டுக்கு வந்து நிற்பவருக்கு முதன்மை வசிப்பிடம் ஒன்ராறியோ என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு வெளிநாட்டவர் லைசன்ஸ் எடுப்பதே நேர்மையான வழி.

அடுத்து இலவச நாட்கள். ஒன்ராறியோவில் வருடத்தில் நான்கு தடவை லைசன்ஸ் இல்லாமல் மீன் பிடிக்க விடுகிறார்கள்: பெப்ரவரியில் குடும்ப தின வார இறுதி, மே மாதம் அன்னையர் தின வார இறுதி, ஜூனில் தந்தையர் தின வார இறுதி, பிறகு ஜூலைத் தொடக்கத்தில் ஒரு வாரம். வாட்ஸ்அப் குழுக்களில் இந்தச் செய்தி ஒவ்வொரு வருடமும் சுற்றும், "எல்லாருக்கும் இலவசம்" என்று. எல்லாருக்கும் இல்லை. இதுவும் கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். தந்தையர் தினத்தன்று ஊரிலிருந்து வந்த தந்தையைக் கூட்டிக்கொண்டு போனால், மகனுக்கு இலவசம், தந்தைக்கு லைசன்ஸ் வேண்டும்! எனக்கு இது சரியான விதியாகப் படவில்லை. சுற்றுலா வந்தவரையும் அந்த ஒரு வார இறுதியில் சேர்த்துக்கொண்டால் ஏரிகள் வற்றிவிடப் போவதில்லை. ஆனாலும் விதி இதுதான், அதை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கான கட்டணங்கள், வரிக்கு முன், இப்படி: ஒரு நாள் ஸ்போர்ட் 24.86 டொலர். எட்டு நாள் கன்சர்வேஷன் 31.52, எட்டு நாள் ஸ்போர்ட் 54.38. ஒரு வருடக் கன்சர்வேஷன் 52.71, ஒரு வருட ஸ்போர்ட் 83.19. ஒரு நாளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவுட்டோர்ஸ் கார்ட் என்ற அட்டை வேண்டும், அது 8.57 டொலர், மூன்று வருடத்துக்குச் செல்லும். கட்டணங்கள் மாறக்கூடியவை, வாங்குகிற அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இவற்றுக்கு இடையிலான விகிதம்தான் முடிவுக்கு முக்கியம்.

இந்த எண்களைக் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு தடவை ஒரு நாள் லைசன்ஸ் எடுத்தால் கிட்டத்தட்ட 50 டொலர். அதே சமயம் அட்டையோடு சேர்த்து எட்டு நாள் கன்சர்வேஷன் 40 டொலர்தான். அதாவது ஒரே வாரத்துக்குள் இரண்டாவது தடவை போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஒரு நாள் லைசன்ஸ் நட்டம். ஆனால் எட்டு நாள் என்பது தொடர்ச்சியான எட்டு நாள். இந்தச் சனி ஒரு நாள், மூன்று வாரம் கழித்து இன்னொரு நாள் என்று பிரித்துப் பயன்படுத்த முடியாது. இங்கேதான் வேலைக்குப் போகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் கணக்கு மாறுகிறது. மகனுக்கு வார இறுதிதான் லீவு, அதிலும் ஒரு வாரம் கலியாண வீடு, ஒரு வாரம் பிறந்தநாள், ஒரு வாரம் மழை. அப்படிப் பார்த்தால் எட்டு நாள் லைசன்ஸில் உண்மையில் கரைக்குப் போவது ஒரு சனி, ஒரு ஞாயிறு, அதிகமானால் அடுத்த சனி. லைசன்ஸைச் சனிக்கிழமை தொடங்குமாறு எடுத்தால் எட்டாவது நாளும் சனியாக விழும். வெள்ளிக்கிழமை தொடங்கினால் அடுத்த சனி கிடைக்காது. இப்படி ஒரு சின்ன விஷயத்தில் ஒரு முழு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது.

பெற்றோர் இரண்டு மூன்று மாதம் நிற்கிறார்கள், அவ்வப்போது போவதாக எண்ணம் என்றால் ஒரு வருடக் கன்சர்வேஷன்தான். அட்டையோடு 61 டொலர் சொச்சம். எட்டு நாள் ஸ்போர்ட்டுக்கு அட்டையோடு கிட்டத்தட்ட 63 டொலர் ஆகிறது என்பதைப் பார்த்தீர்களா? வருடம் முழுவதற்குமான கன்சர்வேஷன் எட்டு நாள் ஸ்போர்ட்டை விட மலிவு. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வருட லைசன்ஸ் என்பது வாங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் அல்ல, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. நவம்பரில் வந்திறங்குபவருக்கு அதை வாங்கிக் கொடுக்காதீர்கள். மே, ஜூனில் வருபவருக்கு நல்ல கொள்முதல்.

அப்புறம் இந்த ஸ்போர்ட், கன்சர்வேஷன் வேறுபாடு. இரண்டிலும் பிடிக்கும் முறை, போகும் இடம், காலம் எல்லாம் ஒன்றுதான். எத்தனை மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதில்தான் வித்தியாசம். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஏரிகளில் பாஸ் மீன் ஸ்போர்ட்டில் 6, கன்சர்வேஷனில் 2. யெல்லோ பேர்ச் ஸ்போர்ட்டில் 50, கன்சர்வேஷனில் 25. மஸ்கி மீனைக் கன்சர்வேஷனில் வைத்துக்கொள்ளவே முடியாது, விட்டுவிட வேண்டும்.

"காசைக் கட்டி எடுத்துவிட்டு ரெண்டு மீனோ?" என்று அப்பா கேட்பார், அது நியாயமான கேள்விதான். பதில், நீங்கள் எந்த மீனைத் தேடிப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்தவரோடு போவதற்கு நான் எப்போதும் சொல்வது சிம்கோ ஏரி, அதுவும் பேர்ச் மீன். ஸ்காபறோவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. படகு தேவையில்லை, பெரிய சாமான் ஒன்றும் தேவையில்லை. ஒரு சின்ன கம்பு, ஆறு பவுண்டு தாங்கும் நரம்பு, சின்னத் தூண்டில் முள், மண்புழுவைப் பாதியாகக் கிள்ளிக் கோர்த்துப் போட்டுவிட்டு மிதவையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். மிதவை ஒருமுறை துடிக்கும், பக்கவாட்டில் நகரும், அப்படியே கீழே போகும். அந்த நேரம் மெல்லச் சுண்டினால் போதும். உள்ளங்கை நீளத்துக்கு, மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டைகளோடு, கீழ்ச் செட்டைகள் செம்மஞ்சளாக, முதுகு முள்ளை விறைத்துக்கொண்டு வரும். முள் குத்தும், பிடிக்கும்போது தலைப்பக்கமிருந்து தடவிப் பிடிக்க வேண்டும். நன்றாகப் பிடிபடும் நாளில் 25 மீன் என்பது ஒரு குடும்பத்துக்குப் பொரியலும் சொதியும் வைக்கத் தாராளம். கன்சர்வேஷன் லைசன்ஸ் போதும் என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணம் இந்தப் பேர்ச்தான். சிம்கோவில் பேர்ச் வருடம் முழுவதும் திறந்திருக்கும் என்பதால் காலம் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம். பாஸ் அப்படியல்ல, இந்தப் பக்கத்து ஏரிகளில் ஜூனில்தான் பிடித்து வைத்துக்கொள்ளத் திறக்கும், மூடியிருக்கும் காலத்தில் வேண்டுமென்றே அதைத் தேடிப் போவதே குற்றம்.

இன்னொன்று, கணக்கில் வருவது அன்று பிடித்தது மட்டுமல்ல. வேறு விதி சொல்லப்படாத மீன்களுக்கெல்லாம் வீட்டு ஃப்ரீசரில் கிடப்பதும் சேர்த்தி. ஸ்போர்ட் எடுத்தாலும் பாஸ் மீனை ஒவ்வொரு நாளும் ஆறு ஆறாகச் சேர்த்து அடுக்க முடியாது. மீனைக் கரையிலேயே துண்டு போட்டுக் கொண்டுபோனால் தோலில் ஒரு பகுதியை விட்டுவிட வேண்டும், எந்த மீன், எத்தனை மீன் என்று அதிகாரி பார்த்தால் தெரிய வேண்டும். உப்பு மஞ்சள் தடவி ஒரே பையில் திணித்துக் கொண்டுபோகும் நம் வழக்கத்தை வீட்டுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நிறையப் பிடித்தாலும் நிறையத் தின்னக் கூடாது என்பதும் இருக்கிறது. ஒன்ராறியோ அரசு ஏரிவாரியாக, மீன்வாரியாக, நீளவாரியாக எந்த மீனை மாதத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம் என்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. பாதரசம் போன்றவை பெரிய மீனில் அதிகம் சேரும், கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அளவு இன்னும் குறைவு. ஊரில் பெரிய மீன் என்றால் மதிப்பு, இங்கே ஏரி மீனில் சின்னதுதான் சாப்பாட்டுக்கு நல்லது. பெரிய வோல்ஐ (walleye) மீன் பிடித்தால் அதை விடச் சொல்வதற்கு அப்பாவைச் சம்மதிக்க வைப்பது கஷ்டம்தான், ஆனால் ரைஸ் ஏரி இருக்கும் கவார்த்தா பக்கத்தில் 35 சென்றிமீற்றருக்குக் குறைந்ததையும் 50க்குக் கூடியதையும் விடத்தான் வேண்டும், முட்டையிடும் பெரிய மீனைக் காப்பாற்றவே அந்த விதி.

ஒரு நாள் லைசன்ஸுக்குரிய இடம் வேறு என்று சொன்னேன் அல்லவா? அது படகுச் சவாரிக்கு. போர்ட் கிரெடிட், பிரான்ரி, ஸ்காபறோ பிளஃபர்ஸ் பார்க், விட்பி போன்ற இடங்களிலிருந்து ஒன்ராறியோ ஏரிக்குள் சால்மன் பிடிக்க வாடகைப் படகுகள் போகின்றன. படகுக்காரரே கம்பு, இரை எல்லாம் தருவார், பெரிய சினூக் சால்மன் கொழுவினால் கை வலிக்க வலிக்க இழுக்க வேண்டியிருக்கும். படகுக்குக் கட்டும் காசில் லைசன்ஸ் அடங்காது, படகில் தூண்டில் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் லைசன்ஸ் வேண்டும். இந்த மாதிரி ஒரே ஒரு நாள், அதற்குப் பிறகு மீன் பக்கமே போகப் போவதில்லை என்றால் ஒரு நாள் ஸ்போர்ட் சரியான தெரிவு: அட்டை வேண்டாம், ஸ்போர்ட் அளவு முழுதாகக் கிடைக்கும். ஒரு நாளில் கன்சர்வேஷன் வகை கிடையாது. காற்றுப் பலமாக இருந்தால் படகு போகாது என்பதால், படகுக்காரர் அன்று போவது உறுதி என்று சொன்ன பிறகு லைசன்ஸை எடுங்கள், கைப்பேசியில் சில நிமிட வேலைதான்.

"மகனிடம் லைசன்ஸ் இருக்கிறது, அப்பா சும்மா பக்கத்தில் நின்று கம்பைப் பிடிக்கிறார்" என்ற ஏற்பாட்டையும் பலர் ஒரு தெரிவாக நினைக்கிறார்கள். அது தெரிவே அல்ல. கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் அவர் மீன் பிடிக்கிறார். அங்கே சாத்தி வைத்திருக்கும் இரண்டாவது கம்பு தன்னுடையது என்று மகன் சொன்னாலும் சிக்கல், கரையிலிருந்து பிடிக்கும்போது பொதுவாக ஒருவருக்கு ஒரு தூண்டில்தான். அப்பாவின் கணக்கை மகன் பிடித்து நிரப்புவதும் முடியாது, யார் பிடித்தாரோ அவர் கணக்கில்தான் அந்த மீன் சேரும். அதிகாரி வந்து கேட்கும்போது பதில் சொல்லத் திணறப் போவது ஆங்கிலம் அவ்வளவாக வராத அந்தப் பெரியவர்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். முப்பது நாற்பது டொலரை மிச்சம் பிடிக்கப் போய் அவரை அந்த நிலையில் நிறுத்தக் கூடாது.

ஊரிலிருந்து வந்த பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் விதி இளகியது. 18 வயதுக்குக் குறைந்த வெளிநாட்டுப் பிள்ளை, லைசன்ஸ் உள்ள ஒருவரோடு வந்தால் தனி லைசன்ஸ் இல்லாமலே பிடிக்கலாம். அவர்கள் வைத்துக்கொள்ளும் மீன் கூட வந்தவரின் கணக்கில் கழியும், அவ்வளவுதான்.

காசே செலவழிக்காமல் பார்க்க மட்டும் ஆசை என்றால் செப்டெம்பரில் போர்ட் ஹோப் போங்கள். கனராஸ்கா ஆற்றில் கோர்பெட் அணையடியில் சால்மன்கள் துள்ளித் துள்ளி மீன் ஏணியில் ஏறுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். அந்த இடத்தில் தூண்டில் போடக் கூடாது. அம்மாமாருக்கு இதுதான் ஏரிக்கரையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதை விடப் பிடிக்கும்.

அமெரிக்க விசாவும் உள்ளவர்கள், பஃபலோ பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்கள், நியூயோர்க் மாநிலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்ராறியோவின் ஸ்போர்ட் லைசன்ஸோடு பார்த்தால் விலையில் அங்கேதான் வெற்றி: வெளியாருக்கு ஒரு நாள் 10 அமெரிக்க டொலர், ஏழு நாள் 28, ஒரு வருடம் 50. வருடம் என்றால் அங்கே வாங்கிய நாளிலிருந்து கணக்கு. இலவச நன்னீர் நாட்களும் எல்லாருக்கும் பொது, வெளிநாட்டவர் என்று ஒதுக்குவதில்லை: பெப்ரவரியில் ஜனாதிபதிகள் தின வார இறுதி, ஜூனின் கடைசி முழு வார இறுதி, செப்டெம்பரின் நான்காவது சனி, நவம்பர் 11. வருகிறவரை வரவேற்கும் முறை என்று பார்த்தால் நியூயோர்க் செய்வதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மீன் பிடிப்பதற்காக மட்டும் எல்லை தாண்டுவது, அதுவும் வயதானவர்களை வரிசையில் காக்க வைத்து, அந்தப் பத்து இருபது டொலர் மிச்சத்துக்குப் பெறுமதியில்லை. அங்கே எப்படியும் போய்த் தங்கப் போகிறீர்கள் என்றால் எடுங்கள். ஒரு பக்க லைசன்ஸ் மறுபக்கம் செல்லாது, நயாகரா ஆற்றிலோ ஒன்ராறியோ ஏரியிலோ படகில் போய் எல்லைக் கோட்டைத் தாண்டினால் அந்தப் பக்க லைசன்ஸும் வேண்டும்.

கனடாவுக்குள்ளேயும் இதே கதைதான். மொன்றியலில் தங்கினால் கியூபெக்கின் லைசன்ஸ். வான்கூவரில் கடலில் பிடிக்க மத்திய அரசின் லைசன்ஸ், ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் மாகாண லைசன்ஸ், சால்மனை வைத்துக்கொள்ள அதன் மேல் ஒரு முத்திரை. பான்ஃப், ஜாஸ்பர் போன்ற தேசியப் பூங்காக்களில் மாகாண லைசன்ஸே செல்லாது, பூங்காவின் அனுமதி தனியாக எடுக்க வேண்டும். அல்கொன்குயின் மாகாணப் பூங்கா என்பதால் அங்கே ஒன்ராறியோ லைசன்ஸ் செல்லும், ஆனால் உயிருள்ள சின்ன மீனை இரையாகக் கொண்டுபோகக் கூடாது.

வாங்கும் வழி இரண்டு. ஒன்று ஒன்ராறியோ அரசின் இணையத்தளம், மற்றது நேரில், சேர்விஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அரசின் சேவை நிலையங்கள் சிலவற்றிலும் கனேடியன் டயர் போன்ற பல கடைகளிலும். நான் இணையத்தைத்தான் சொல்வேன், வீட்டில் ஆறுதலாக இருந்து செய்யலாம். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே போடுங்கள், நம் பெயர்களில் எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்ற தடுமாற்றம் இங்கே தேவையில்லை. முகவரி கேட்கும் இடத்தில் ஊர் முகவரியைக் கொடுங்கள், உங்கள் ஸ்காபறோ முகவரியைக் கொடுத்து உள்ளூர் விலைக்கு எடுத்தால் அது பொய்த் தகவல் கொடுத்ததாகிவிடும். கிடைக்கும் லைசன்ஸை அச்சிட்டு அப்பாவின் சட்டைப் பையில் கடவுச்சீட்டின் நகலோடு வைத்துவிடுங்கள். கைப்பேசியில் இருந்தாலும் செல்லும், ஆனால் அந்தக் கைப்பேசி உங்கள் பையில் இருந்து, நீங்கள் கோப்பி வாங்கப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் அதிகாரி வருவார். அட்டையைப் பத்திரமாக ஊருக்கே கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடமும் வந்தால் அட்டைக்கான 8.57 டொலர் மீண்டும் கட்ட வேண்டியதில்லை, லைசன்ஸை மட்டும் எடுத்தால் போதும்.